வில்லின் சோம்பேறிக் கை

மூன்றாகப் பிரித்த முடியில் நடுக்கற்றை எது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் லைன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு லூர்து மேரி உட்கார்ந்திருந்தாள். உள்ளே குக்கர் சீறிக்கொண்டிருந்தது. நான் அவளுக்குப் பின்னால் நின்று, தேங்காய் எண்ணெய் வழுக்கும் விரல்களால், என் மனைவியின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, பின்றீங்களா, பெட்டி கட்டறீங்களா?"

"பின்றேன்."

"இழுக்கற இழுப்புல காது பின்னால போவுது. மெதுவா."

மெதுவாகப் பின்னினேன். பின்னல் இடது பக்கம் சாய்ந்து நின்றது. தினமும் அப்படித்தான் சாயும். எதிர்வீட்டுப் பெண் பல் துலக்கிக்கொண்டே பார்த்துச் சிரித்தாள். அந்தச் சமயத்தில் கழுத்தைத் திருப்பி, மின்கம்பத்தில் ஏதோ முக்கியமான வேலை நடக்கிறதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கம். கம்பத்தில் ஒரு காக்கை இருந்தது. அதுவும் என்னைத்தான் பார்த்தது.

நான் இந்த வேலைக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மழை நாளில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது லூர்து மேரி வழுக்கி விழுந்தாள். வலது கையில் தோளுக்குக் கீழே எலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு ஒட்டிக்கொண்டது. தோள்தான் அடம்பிடித்தது. கை நெஞ்சுக்கு மேலே வர மறுத்தது. கோயிலில் சிலுவை அடையாளம் போடும்போது அவள் கை நெற்றிக்குப் போகாது, நெற்றிதான் குனிந்து கைக்கு வரும்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் பெண் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. "அக்கா, இப்ப அசைக்கலன்னா கை இப்படியே நின்னுடும். அப்பறம் என்ன பண்ணாலும் வராது."

கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள். அவள் வேலை செய்யும் லைனில் ஸ்க்ரூ முடுக்கும் மெஷின் தலைக்கு மேலே தொங்கும். கை உயர்த்தி அதை இழுக்க வேண்டும். கை மேலே போனால் வாங்க, இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும் என்றார்கள். அவள் அந்த லைனில் நின்று எங்கள் மகளை நர்சிங் படிக்க வைத்தவள். வேலை போவதைவிட, "கை வராத பொம்பள" என்று பேர் வாங்குவதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கம்பியில் கட்டி இழுக்க வேண்டும். சில நாள் இழுத்தாள். பிறகு அவிழ்த்து எறிந்தாள்.

"நான் இன்னா கட்டிப்போட்ட ஆடா?"

நாற்காலியின் தோள்

கூச்சம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தலை பின்னுவது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு விளங்காது.

எங்கள் கல்யாணப் போட்டோவில் லூர்து மேரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், நான் பக்கத்தில் நிற்பேன். போட்டோக்காரர், "மாப்பிள்ளை, தோள்மேல கை வைங்க" என்றார். நான் நாற்காலியின் தோளில் கை வைத்தேன். அவர் நாலைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் படத்தை எடுத்தார். இன்றைக்கும் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. பார்ப்பவர்கள் எனக்கும் அந்த நாற்காலிக்கும் கல்யாணம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

தலை பின்ன ஆரம்பித்த புதிதில் முடிக்கு ரப்பர் பேண்ட் வாங்கக் கடைக்குப் போனேன். கடை முழுக்கப் பெண்கள். வெளியில் நின்று நின்று, ஆள் குறைந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் குழந்தைகளுக்கான ரப்பர் பேண்ட். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்ட்ராபெரி. லூர்து மேரி அதையும் போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் எங்கள் தெரு என் மனைவியின் தலையில் ஸ்ட்ராபெரி பார்த்தது.

வாயிலிருந்து வந்துவிட்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரியின் தம்பி சின்னப்பன் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்தான். மலையோரத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நிலம். கறிக்குழம்பு சாப்பிட்டபடி ராகிக் கதிரில் கிளி விழுவதைப் பற்றிப் பேசினான். பேச்சு எப்படியோ வில்லுக்குப் போய்விட்டது. சின்ன வயதில் லூர்து மேரி வில்லில் கல் வைத்து அடித்துக் கிளி ஓட்டுவாளாம்.

"அக்கா அடிச்சா கிளி மட்டும் இல்ல மாமா, கிளி உக்காந்த கதிரும் சேர்ந்து விழும். எங்கப்பா கிளியே தேவலாம்னுவாரு."

"வாய மூடிகினு சாப்புடு," என்றாள் லூர்து மேரி. பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "இழுக்கணும்னா வில்ல இழுக்கச் சொல்லலாம். அதுல ஒரு அர்த்தம் இருக்குது. ரப்பர இழுடின்றாங்க" என்றாள்.

"நான் செஞ்சு தர்றேன்," என்றது ஒரு குரல்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்க்கலாம் என்று இருந்தேன். அது என் குரல்தான்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். சிப்காட் பக்கம் ஒரு ஷெட்டில் மெஷின்களுக்கு மரப்பெட்டி கட்டுகிறேன். இதை எழுத உட்காரும் முன்னால் நான் எழுதிய மிக நீளமான வாக்கியம் 'இந்தப் பக்கம் மேலே' என்பது. பெட்டியின்மேல் அச்சுத் தகடு வைத்துப் பெயிண்ட் அடிப்பேன். பக்கத்தில் அம்புக்குறிக்கும் தகடு உண்டு. நான் எழுதாவிட்டாலும் அம்பு தானே வந்துவிடும். வில் வராது.

சிலிண்டர் வெடித்த சத்தம்

முதல் வில்லை எனக்குத் தெரிந்த மரத்தில் செய்தேன். பைன் பலகை, பெட்டிக்குப் போடும் மரம். பெட்டி மரத்தின் வேலையே வளையாமல் இருப்பதுதான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நடுவில் பிடி. அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை. வில்லின் இரண்டு பக்கங்களையும் சின்னப்பன் கை என்றுதான் சொல்வான். நான் டேப் வைத்து அளந்தேன். பிடியருகே இவ்வளவு, நடுவில் இவ்வளவு, நுனியில் இவ்வளவு. இரண்டு கையும் ஒரு நூல் பிசகாமல் ஒரே அளவு. அந்த வில்லை எந்தக் கம்பெனியின் இன்ஸ்பெக்டரும் குறை சொல்ல முடியாது.

நைலான் கயிற்றைக் கட்டி வாசலில் நின்று, கொஞ்சம் மிடுக்காகவே, இழுத்தேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண், "ஐயோ, சிலிண்டரு!" என்று ஓடிவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பை அணைக்கப் பாய்ந்தார். என் கையில் பாதி வில் இருந்தது. இன்னொரு பாதி தண்ணீர் டிரம்மின் மூடியைப் பிளந்துகொண்டு உள்ளே மிதந்தது.

லூர்து மேரி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. தோள் குலுங்கியது, வலித்தது. "அம்மா... ஐயோ..." என்று வலியோடே சிரித்தாள். டிரம் மூடி போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த முறை சின்னப்பன் வந்தபோது ஒரு மரம் கொண்டுவந்தான். தடசு மரம். கன்னடக்காரர்கள் தடசலு என்பார்கள். நன்றாக வளைந்து கொடுக்கும், சீக்கிரம் முறியாது. அவர்கள் நிலத்து வேலியோரம் வெட்டி, பரண்மேல் வெகுகாலம் காய்ந்த துண்டு. என் உயரம் இருந்தது. பஸ்ஸில் இடிபடக் கூடாது என்று அவன் மனைவியின் பழைய சேலையைச் சுற்றி, ஜன்னலோரம் நிறுத்திக்கொண்டு வந்திருக்கிறான்.

"கண்டக்டர் இன்னா சொன்னாரு தெரியுமா மாமா? இந்தம்மா எந்த ஊருக்குப் போவணும்னு கேக்கறாரு."

இந்தப் பக்கம் ஒரு சீவல், அந்தப் பக்கம் ஒரு சீவல்

வில் செய்யும் வீடியோக்கள் போனில் நிறைய இருக்கின்றன. எல்லாம் வெள்ளைக்காரர்கள். பேச்சு எனக்குப் புரியவில்லை, கைகள் புரிந்தன. வாய்ச்சியால் செதுக்கினேன், இழைப்புளி போட்டேன், அரத்தால் ராவினேன். கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். கண்ணாடி சுரண்டும்போது மரம் சுருள் சுருளாக, வெங்காயத் தோல்போல உரியும். ஒரு லேசான புளிப்பு வாசனை வரும்.

வீடியோவில் பார்த்தபடி ஒரு கம்பு நட்டேன். கம்பின் தலையில் வில்லைப் படுக்க வைத்து, கயிற்றைக் கீழே இழுத்து, கம்பில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒன்றில் மாட்ட வேண்டும். அப்போது நம் கை இல்லாமலே வில் வளைந்து நிற்கும். தள்ளி நின்று பார்க்கலாம். இரண்டு கையும் ஒரேமாதிரி, பிறைபோல வளைய வேண்டும்.

என் வில்லில் மேல் கை நாய் வால்போல வளைந்தது. கீழ்க் கை சல்யூட் அடிக்கும் போலீஸ்காரர்போல விறைத்து நின்றது.

டேப் எடுத்தேன். இரண்டும் ஒரே அளவு. மறுபடி பார்த்தேன். நாய் வால், போலீஸ்காரர். மரத்துக்குள் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் இளக்கம் என்பது டேப்பில் தெரியாது. எனக்கு டேப்பைவிட்டால் வேறு தெய்வம் கிடையாது.

கெட்டியான பக்கத்தைச் சுரண்டினேன். ஆசையில் கொஞ்சம் அதிகம் சுரண்டிவிட்டேன். இப்போது கீழ்க் கை நாய் வாலாகி, மேல் கை போலீஸ் வேலைக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தைச் சுரண்டினேன். மறுபடி மாறியது. இப்படியே இந்தப் பக்கம் ஒரு சீவல், அந்தப் பக்கம் ஒரு சீவல். தரை முழுக்கச் சீவல். லூர்து மேரி இடது கையால் அள்ளிப்போய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். ஒரு வாரம் நாங்கள் குளித்தது என் வில்லில் காய்ந்த வெந்நீர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்கும் வில்லை எடுத்துப்போவேன். எங்கள் சூப்பர்வைசர் மஞ்சுநாத் கன்னடக்காரர், நல்ல மனிதர், குரல்தான் பெரிது. ஒருநாள் வில்லை வாங்கி ஒற்றை விரலால் இழுத்தார். அது காதுவரை வந்தது.

"ஏனப்பா அருளப்பா, இது வில்லா, பல்லு குத்தற குச்சியா? சாக்கு, சாக்கு! இன்னும் சீவுனா கயிறுதான் மிச்சம்."

சாக்கு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். ஷெட்டில் இருந்த தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாருக்கும் அது புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மறுபடி கண்ணாடித் துண்டை எடுத்தேன்.

டம்ளர் விழுந்த மாலை

அன்று சாயங்காலம் லூர்து மேரி ஸ்டூலில் உட்கார்ந்து, கம்பில் வளைந்து நின்ற வில்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுரண்டப் போனேன்.

"அங்க இன்னா சீவறீங்க?"

"கொஞ்சம் மேடா இருக்குது."

"டேப்ப அப்பால வைங்க. வந்து இங்க நின்னு பாருங்க. மேல் கை ஒழுங்கா வளையுது. கீழ்க் கையில நுனிப்பக்கம் மட்டும் தூங்குது. அது தூங்கறதால மத்த இடம் எல்லாம் சேர்த்து வளையுது. வேலை செய்யற இடத்தப் போயிச் சீவுனா அது செத்துடும். தூங்கற இடத்த எழுப்புங்க."

அவள் காட்டிய இடத்தில், விரல் அகலத்துக்கு, சுரண்டினேன். "உடனே இழுத்துப்புடாதீங்க. கொஞ்சமா வளைச்சு விடுங்க. மறுபடி வளைச்சு விடுங்க. அதுக்கும் பழகணும் இல்ல?" வளைத்து விட்டேன், வளைத்து விட்டேன். பிறகு பள்ளத்தில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தேன்.

இரண்டு கையும் ஒன்றுபோல் வளைந்து நின்றன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். டேப் வைத்தால் இரண்டும் இப்போது ஒரே அளவு இல்லை.

இந்தச் சந்தோஷத்தில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று அலமாரிப் பக்கம் எழுந்தேன். அவள் தண்ணீர் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்னால் எழுந்து பழகியிருந்தேன்.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"தண்ணி எடுக்கறதும் நீங்க. தாழ்ப்பாள் போடறதும் நீங்க. கொடியில துணி போடறதும் நீங்க. வெளியில போனா இந்தக் கைய நானே மறந்துடறேன், எல்லாத்துக்கும் இடது கைதான் போவுது. சோம்பேறிக் கை வில்லுல மட்டும்தான்னு நெனச்சீங்களா?"

நேருக்கு நேர் எனக்குப் பேச்சு வராது என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவள் காத்திருக்கவில்லை. எழுந்து போய், வலது கையை அலமாரிக்கு நீட்டினாள். தோள் காதுவரை ஏறியது, கை ஏறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நீட்டினாள். விரல் டம்ளரைத் தொட்டது, தட்டியது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டு, வாசல்வரை போய் நின்றது.

நான் எழுந்தேன்.

"தொடாதீங்க," என்றாள். அவளே குனிந்து, அதே கையால் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. வலியா, கோபமா என்று நான் கேட்கவில்லை. "இனிமே எல்லாம் நானே பண்ணிக்கறேன்."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "தலை மட்டும் நீங்க பின்னுங்க. அது இன்னும் எட்டாது" என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எதற்கு நிம்மதி என்று யோசித்தபோதுதான் ஒரு சங்கதி விளங்கியது. காலையில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் அவளிடம் நிறையப் பேசுகிறேன். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது எனக்குப் பேச்சு வருகிறது. கல்யாணம் ஆகி இத்தனை காலத்தில் பேசாததையெல்லாம் அந்தப் பின்னந்தலையிடம் பேசியிருந்தேன். அவள் வில்லை இழுத்து இழுத்துக் கை மேலே போய்விட்டால், அந்த ஸ்டூல் காலியாகிவிடும்.

வில்லைக் கொஞ்சம் கடினமாகவே விட்டுவைத்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதற்கும் நான் லாயக்கில்லை. அது எப்போதோ பல் குத்தும் குச்சியாகிவிட்டது.

அம்பு இல்லாத வில்

அந்தக் குச்சிதான் அவளுக்குச் சரியாக இருந்தது. மரம் கொண்டுவந்த சின்னப்பன் நினைத்தபடி கெட்டியான வில்லாகச் செய்திருந்தால் அவளால் நாணை அசைத்திருக்கவே முடியாது. இதை என் திறமை என்று மஞ்சுநாத்திடம் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

காலையில் வாசலில் நின்று, இடது கையில் வில்லைப் பிடித்து, வலது கையால் இழுப்பாள். முதலில் நாண் ஒரு சாண்கூட நகரவில்லை. அம்பு இல்லாமல் இழுத்த நாணைப் பட்டென்று விடக் கூடாது, வில் முறிந்துவிடும். இழுத்ததை மெல்ல, பிடித்துப் பிடித்துத் திரும்ப விட வேண்டும். வில்லைக் காப்பாற்ற நான் சொன்ன இந்த விதிதான் தோளுக்கு மருந்தாம். பயிற்சி சொல்லித்தரும் பெண் பிறகு சொன்னது.

"நல்லா வருதே அக்கா! ரப்பர் பெல்ட்டா?"

"இல்ல, வில்லு."

"வில்லா? யாரு செஞ்சாங்க?"

லூர்து மேரி என்னைக் காட்டினாள். நான் சுவரில் இருந்த காலண்டரில் அமாவாசை எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாண் வயிற்றிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து மோவாய்க்கு வந்தது. முழங்கை மெதுவாக மேலே ஏறியது. எதிர்வீட்டுப் பெண் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் நாண் கன்னத்தைத் தொட்டது. லூர்து மேரி அதை அப்படியே பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மின்கம்பத்துக் காக்கையைக் குறி பார்த்தாள். காக்கை பறந்துவிட்டது.

சின்னப்பன் வந்து பார்த்துவிட்டு வில்லைத் தடவிப் பாராட்டினான். பிறகு அங்கும் இங்கும் தேடினான்.

"அம்பு எங்க மாமா?"

அம்பு. இத்தனை மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு திங்களும் ஒரு ஞாயிறும்

ஒரு திங்கட்கிழமை காலை சீப்போடு வாசலுக்கு வந்தேன். ஸ்டூல் காலி. லூர்து மேரி உள்ளே கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையும் தலைக்குப் பின்னால் போக, தானே பின்னிக்கொண்டிருந்தாள். வலது கை நடுவில் ஒருமுறை இறங்கி இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறியது. கம்பெனி யூனிபார்ம் போட்டிருந்தாள். பின்னல் நேராக இருந்தது.

"பஸ்ஸு வந்துடும். டிபன் பாக்ஸ எடுங்க," என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் களைத்துப்போய் வந்து, "மெஷின இழுத்தேன். வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க நான் காலையில் என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் நேரம். லூர்து மேரி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். சீப்பைத் தோளுக்கு மேலே, பின்பக்கமாக, வலது கையால் நீட்டினாள்.

"கை வலிக்குதா?" என்றேன்.

"இல்ல."

"அப்பறம்?"

"பின்னுங்கன்னா பின்னுங்க."

பின்னினேன். அந்த வாரம் ஷெட்டில் நடந்தது, மஞ்சுநாத் பெண்ணுக்கு வரன் வந்தது, பெட்டிக்குள் பூனை குட்டி போட்டது எல்லாம் சொன்னேன். அவள் "ம்" கொட்டினாள். முடித்ததும் வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலை மேலிருந்து கீழே தடவினாள்.

"கோணலாத்தான் இருக்குது," என்றாள். எழுந்து, அப்படியே கிளம்பினாள்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசை தொடங்கியதும் அந்தப் பக்கம் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. கை தானே நெற்றிக்குப் போனது. நிமிர்ந்த தலைக்குப் பின்னால், இடது பக்கம் சாய்ந்த பின்னலின் நுனியில், ஒரு ஸ்ட்ராபெரி இருந்தது.